மோர்க்குழம்பு சாப்பிட்டவர்கள்

செப்டம்பர் 22, ஞாயிறு

நாளை பயிற்சி தொடங்குகிறது. ஐந்து நாள். தொற்றுநோய் ஏதாவது கிளம்பினால் வெளியிலிருந்து ஆள் வருவதற்குள் வேலாங்குளம் வட்டாரமே முதல் அடி எடுத்து வைக்க வேண்டுமாம். அதற்காக விரைவு நடவடிக்கைக் குழு ஒன்றை உருவாக்கப்போகிறார்கள். செவிலியர்கள், சுகாதார ஆய்வாளர்கள், ஆய்வக ஆட்கள் என்று முப்பத்தெட்டுப் பேர். அதில் நானும் ஒருத்தி. நான் வட்டாரப் புள்ளியியலாளர். காய்ச்சல் எத்தனை, பேதி எத்தனை, நாய்க்கடி எத்தனை என்று எண்ணி மேலே அனுப்புவது என் வேலை. இருபது வருடமாக எண்ணுகிறேன். எண்ணியதை வைத்து யாராவது ஏதாவது செய்கிறார்களா என்று கேட்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது.

மதியச் சாப்பாடு எங்கள் மெஸ்ஸிலிருந்து. நான் சிபாரிசு செய்யவில்லை. வட்டார மருத்துவ அலுவலர் டாக்டர் அருள்தாஸ் தானாகவே கேட்டார். புரட்டாசி மாதம், பாதிப் பேர் விரதம், சுத்த சைவம் என்றால் குணசீலன் மெஸ்தானே என்றார். வேலை பார்த்த நூற்பாலையை மூடிய பிறகு என் வீட்டுக்காரர் ஆரம்பித்த மெஸ். மூன்று வருடம் ஆகிறது. அரசு மருத்துவமனையில் புதிதாகக் கட்டியிருக்கும் தொற்றுநோய் வார்டுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொடுக்க இவர் கேட்டிருக்கிறார். இந்தப் பயிற்சிச் சாப்பாடு நன்றாக அமைந்தால் அது கிடைத்துவிடும் என்று பேச்சு. இவர் இன்று முழுக்க அண்டாக்களைத் தேய்த்ததையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. இரண்டு துணி வீண்.

செப்டம்பர் 23, திங்கள்

பயிற்சியாளர் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். டாக்டர் ஷாஹிதா, முப்பது வயது இருந்தால் அதிகம். கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கண்ணை எடுக்காமல் பார்க்கிறார். நம் ஆட்களுக்கு அது பழக்கமில்லை. எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

காலையில் கை கழுவும் முறை. சுகாதார ஆய்வாளர் அழகர்சாமி அண்ணன் மேடையேறிச் செய்து காட்டினார். நெற்றியில் நாமம், கழுத்தில் துளசி மாலை, மணிக்கட்டு வரை நுரை. நகக்கண் உட்பட ஒன்றையும் விடவில்லை. அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கூட அவ்வளவு கழுவமாட்டார்.

மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

மாலையில் இவர் சீரகத்தைப் புடைத்துக்கொண்டே, “மோர்க்கொழம்பு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். நன்றாக இருந்தது, வெண்டைக்காய் பதமாக வெந்திருந்தது என்றேன். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பச் சீரகத்தைப் புடைத்தார். இவருக்குப் பாராட்டு என்றால் கூச்சம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலையில் குளியலறையை நன்றாகக் கழுவிவிட்டேன். ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட வேலை. முடித்து வந்ததும் இன்னும் கொஞ்சம் பாக்கி இருப்பதாகத் தோன்றியது. திரும்பப் போய்க் கழுவினேன். அப்படி நாலைந்து தடவை. வெயில் அதிகம், உடம்புக்குச் சூடு ஏறிவிட்டது. இளநீர் குடித்தேன்.

பயிற்சிக் கூடம் பாதி காலி. ஆளாளுக்குத் தொலைபேசியில் ஒரு காரணம். ஒருவருக்குக் கொழுந்தியாள் நிச்சயதார்த்தம், ஒருவருக்குப் பைக் பஞ்சர். ஜீப் டிரைவர் மூக்கையாவின் மாமியாருக்குச் சுகமில்லை. டாக்டர் அருள்தாஸ் வந்து, தொடக்கவுரைக்கு நடுவில் எழுந்து போய், முடிவுரைக்குத்தான் திரும்பி வந்தார். பதினோரு மணிக்கு ஆய்வகத்து உதவியாளர் நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். நெற்றி கொதித்தது. அவருக்கு மட்டும் காரணம் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. “பேதி மேடம்” என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு உண்மை வரிசையாக வெளியே வந்தது. எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி. பதினேழு பேர். தொற்றுநோயைத் தடுக்கப் பயிற்சி எடுக்க வந்த குழுவில் ஏறக்குறையப் பாதி படுக்கையில்.

டாக்டர் ஷாஹிதா முதலில் எல்லோருக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க ஏற்பாடு செய்தார். இரண்டு பேரை வார்டில் சேர்த்தார். மலமாதிரி எடுத்து மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பினார். அதெல்லாம் முடிந்ததும் அவர் முகத்தில் அடக்க முடியாத ஒரு மலர்ச்சி. மீதி நாட்களுக்கு வைத்திருந்த கற்பனைப் பாடத்தைத் தூக்கிப்போட்டுவிட்டார். கண்ணெதிரே நிஜமாகவே ஒரு பரவல் இருக்கிறதே. யார் என்ன சாப்பிட்டார்கள் என்று நாமே விசாரிக்கப்போகிறோமாம்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். சூடு நோயாகாது.

செப்டம்பர் 25, புதன்

இன்று முழுக்க விசாரணை. பயிற்சிக் கூட வாசலில் இவர் திங்கட்கிழமை அதிகாலை எழுதி மாட்டிய கரும்பலகை அப்படியே தொங்கியது: சாதம், மோர்க்குழம்பு, ரசம், அவரைப் பொரியல், கூட்டு, அப்பளம், தயிர்சாதம். டாக்டர் ஷாஹிதா அதைப் பார்த்துக் கேள்விகள் தயாரித்தார். ஒவ்வொரு பண்டத்துக்கும் சாப்பிட்டீர்களா, இல்லையா. ஆமாம், இல்லை தவிர வேறு பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கதை கேட்க ஆரம்பித்தால் கணக்கு குழம்பிவிடுமாம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

முதலில் அழகர்சாமி அண்ணன். போர்வையோடு வந்து உட்கார்ந்தார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டதும் கரும்பலகை இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாதம், மோர்க்குழம்பு, ரசம் என்று வரிசை மாறாமல் ஒப்பித்தார். ஒன்றுகூட விடவில்லை. எல்லாம் சாப்பிட்டாராம், இரண்டு தடவை வாங்கினாராம்.

“வெளியில ஏதும் சாப்ட்டீங்களாண்ணே?”

“என்னம்மா கேக்குற? புரட்டாசில நான் முட்டை விக்கிற கடைப்பக்கமே போறதில்ல.”

முட்டை என்று நான் கேட்கவே இல்லை.

டாக்டர் அருள்தாஸும் எல்லாம் சாப்பிட்டாராம். மோர்க்குழம்பு பிரமாதம் என்றார். காய்ச்சல் கண்ட மற்றவர்களும் அதே மாதிரி. இத்தனை பேர் இவர் கைச்சாப்பாட்டை ஒன்று விடாமல் ரசித்துச் சாப்பிட்டார்கள் என்பது ஒரு வகையில் பெருமைதான்.

நன்றாக இருப்பவர்கள்தான் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் கனகமணியிடம் மோர்க்குழம்பு சாப்பிட்டாயா என்று கேட்டால், “இல்லக்கா, அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, மார்க்கெட்ல வெண்டிக்கா…” என்று ஆரம்பித்தாள். ஆமாம் இல்லை மட்டும் சொல் என்றேன். “இல்ல. ஆனா அது ஏன்னா…” என்றாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்ல நம் ஊரில் யாருக்கும் தெரியாது.

என்னை விசாரித்தது கனகமணிதான். சாதம், மோர்க்குழம்பு, ரசம் என்று சொன்னேன். அவள் பேனாவை நிறுத்தி, “மோர்க்கொழம்பாக்கா?” என்றாள். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டாள்.

மாலையில் எண்களைக் கூட்டி அட்டவணை போட்டேன். நோயாளிகள் பதினேழு பேரும் மோர்க்குழம்பு சாப்பிட்டிருக்கிறார்கள். நலமாக இருப்பவர்களில் என்னையும் இன்னும் இரண்டு பேரையும் தவிர ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. டாக்டர் ஷாஹிதா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இவ்வளவு தெளிவான அட்டவணையைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாராம். மோர் கெட்டுப்போயிருக்கும், அல்லது சமையற்கட்டில் யாருக்காவது தொற்று இருக்கும் என்றார். திங்களன்று அவர் தாமதமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது குழம்பு அண்டாவை எடுத்துவிட்டார்களாம். ரசமும் தயிர்சாதமும்தான் கிடைத்ததாம். தப்பித்தேன் என்று சிரித்தார். எனக்கு இரும்பு வயிறு என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சொல்லத்தானே வேண்டும். மெதுவாகத்தான் சொன்னேன்.

இவர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். “மரகதம், திங்கக்கெழம நான் மோர்க்கொழம்பே வைக்கல.”

வெண்டைக்காய் முற்றலாக வந்ததாம். கடைசி நேரத்தில் கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்தாராம். பலகையைத் திருத்த நேரம் கிடைக்கவில்லையாம்.

கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. போய் எடுத்து மடித்தேன். எல்லாவற்றையும் மடித்தேன். காயாததையும்.

செப்டம்பர் 26, வியாழன்

அன்று இவர் கேட்டது தவறுதலாக இருக்கலாம். திங்கட்கிழமை மாலை கேட்டாரே, அது. புளிக்குழம்பு என்று கேட்க நினைத்து மோர்க்குழம்பு என்று கேட்டிருப்பார். நானும் தவறுதலாகப் பதில் சொல்லியிருப்பேன். வெண்டைக்காய் பதமாக வெந்தது என்று சொன்னதைத்தான் எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை.

ஆய்வக முடிவு வந்துவிட்டது. சால்மோனெல்லா. டாக்டர் ஷாஹிதா வகுப்பில் அதைப் பற்றிச் சொன்னார். பெரும்பாலும் கோழியிலிருந்தும் முட்டையிலிருந்தும் வருவது. சுத்த சைவச் சாப்பாட்டில் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தார். மின்விசிறிக்கு இன்று இன்னும் அதிக மரியாதை. அழகர்சாமி அண்ணன் மாலையை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டரே ஒரு முடிவுக்கு வந்தார். சமையல் செய்யும் யாரோ ஒருவரின் உடம்பில் இருந்து, கைவழியே மோரில் கலந்திருக்க வேண்டும். மெஸ்ஸில் வேலை பார்க்கும் நான்கு பெண்களையும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நாளை மாவட்டச் சுகாதாரத் துணை இயக்குநர் முன்னால் நான் அறிக்கை படிக்க வேண்டும். படித்து முடித்ததும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் மெஸ்ஸுக்குச் சீல் வைப்பார். வார்டுச் சாப்பாட்டைப் பற்றி இனி யாரும் பேசமாட்டார்கள்.

மதியமே மெஸ்ஸில் கூட்டம் குறைந்துவிட்டது. பெண்கள் நால்வரும் சும்மா உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பூண்டு யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் இவரிடம் மூன்று தடவை கேட்டாராம், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று. இவர் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

“மோர்க்கொழம்பு வைக்கலன்னு சொல்ல வேண்டியதுதான? ஏங்க சொல்லல?”

“சொன்னா, அப்ப சாப்ட்டேன்னு சொன்னவக எல்லாம் எங்க சாப்ட்டாகன்னு கேப்பாக. அதுல உன் பேரும் இருக்குல்ல.”

அவ்வளவுதான் சொன்னார். நீ எங்கே சாப்பிட்டாய் என்று என்னை அவர் கேட்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம், வசதியாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 27, வெள்ளி

திங்கட்கிழமை எழுதியதை அடிக்கவில்லை. தேதி போட்டு எழுதியதை அழிக்கக் கூடாது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவள் நான். அதனால் இன்றைய தேதியில் எழுதுகிறேன்.

புரட்டாசியில் பிரியாணிக் கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பைபாஸில் புதிதாக வந்திருக்கும் ஒரு கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பலகை வைத்திருந்தார்கள். மூக்கையா திங்களன்று ஜீப்பில் போய் வாங்கி வந்தான். சாப்பிட இடம்? தடுப்பூசி வைக்கும் குளிர்பதன அறை. அனுமதி இல்லாமல் உள்ளே வராதீர் என்று வாசலில் எழுதியிருக்கும். எழுதி ஒட்டியது நான். சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் பந்திக்கு நகர்ந்தபோது, மூக்கையா என் பக்கம் சாய்ந்து, “மேடம், உங்களுக்கு மட்டும் ஒரு பொட்டலம் எடுத்து வச்சிருக்கேன்” என்றான். வாசனை அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மூன்று வருடமாக எங்கள் வீட்டில் காலை, மதியம், இரவு எல்லாம் மெஸ்ஸில் மிஞ்சியதுதான். நல்ல சாப்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சாம்பாரைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. போனேன். சாப்பிட்டேன். பிறகு கை கழுவினேன், அழகர்சாமி அண்ணன் காட்டியபடியே, நகக்கண் உட்பட.

செவ்வாய்க்கிழமை குளியலறை கழுவியதைப் பற்றியும் திருத்திக்கொள்கிறேன். கழுவவில்லை.

கூட்டத்தில் துணை இயக்குநர் நடுவில், டாக்டர் ஷாஹிதா பக்கத்தில். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வாசலோரம் சீல் பையோடு. அட்டவணையைத் திரையில் போட்டார்கள். நான் எழுந்து, நோய்க்கும் மோர்க்குழம்புக்கும் மிக வலுவான தொடர்பு இருக்கிறது என்று படித்தேன். அடுத்த வரி, மெஸ்ஸை மூடப் பரிந்துரைக்கிறோம் என்பது. தாளைக் கீழே வைத்தேன். திங்கட்கிழமை மோர்க்குழம்பு சமைக்கப்படவில்லை, பரிமாறியது புளிக்குழம்பு என்றேன்.

“அதத்தான யக்கா நான் அன்னைக்கே சொல்ல வந்தேன்” என்றாள் பின்வரிசையிலிருந்து கனகமணி.

டாக்டர் ஷாஹிதா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அப்ப இருபது பேர் சாப்ட்டது என்ன மேடம்?”

மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது, நான் சாப்பிட்டது கோழி பிரியாணி என்றேன். எனக்கும் செவ்வாய் முழுக்க வயிற்றுப்போக்கு, சொல்லாமல் மறைத்தேன், இரும்பு வயிறு எல்லாம் இல்லை என்றேன்.

எல்லோரும் திரும்ப மின்விசிறியைப் பார்த்தார்கள். டாக்டர் அருள்தாஸ் தொண்டையைச் செருமினார். தனக்குப் புரட்டாசி கிடையாது, கொலஸ்ட்ரால் உண்டு என்றார். இந்த விஷயம் வீட்டம்மாவுக்குப் போகாமல் இருந்தால் நல்லது என்றும் கேட்டுக்கொண்டார். அடுத்து ஆய்வகத்து உதவியாளர் கை தூக்கினார். அடுத்து இரண்டு செவிலியர்கள் ஒரே நேரத்தில் தூக்கிவிட்டு, ஒருவரையொருவர் பார்த்து, “நீயுமாடி?” என்றார்கள். கைகள் ஒவ்வொன்றாக ஏறின. மூக்கையா எல்லோரிடமும் ‘உங்களுக்கு மட்டும்’ என்றே சொல்லியிருக்கிறான். மூன்று மூன்று பேராக உள்ளே விட்டு வெளியே அனுப்பியிருக்கிறான். அந்த அறை வாசலில் தடுப்பூசி வாங்கக்கூட ஒரு நாளும் இவ்வளவு ஒழுங்காக வரிசை நின்றதில்லை.

அழகர்சாமி அண்ணன் மட்டும் கை தூக்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த மூக்கையாவும் பார்த்தான்.

“நான் குஸ்கா மட்டுந்தான்” என்றார் அண்ணன். “பீஸத் தொடல.”

“கூட ரெண்டு பீஸு வைக்கச் சொன்னீகளே அண்ணே” என்றான் மூக்கையா.

முதலில் சிரித்தது துணை இயக்குநர். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. டாக்டர் ஷாஹிதா மட்டும் சிரிக்காமல் எழுந்து, பலகையில் எங்கள் கண் முன்னால் புதிய அட்டவணை போட்டார். பிரியாணி சாப்பிட்டவர் இருபது. அதில் நோய்ப்பட்டவர் என்னையும் சேர்த்துப் பதினெட்டு. சாப்பிடாதவரில் ஒருவருக்கும் இல்லை. எண்கள் பழைய அட்டவணையின் எண்கள்தான், நான் மட்டும் கட்டம் மாறியிருந்தேன். போட்டு முடித்துச் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, கதை கேட்காதீர்கள் என்று சொன்னது தன் தவறு என்றார். அவ்வளவு படித்தவர் அவ்வளவு லேசாக அதைச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் நான்கு நாள் எடுத்துக்கொண்டேன்.

பிறகு குழு வேலையில் இறங்கியது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் அதே சீல் பையோடு பைபாஸ் கடைக்குப் போனார். அவருடன் நானும், கனகமணியும், போர்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அழகர்சாமி அண்ணனும். விற்காத கோழியை நாள் கணக்கில் வைத்திருந்தார்கள். அன்று அங்கே வாங்கிய மற்றவர்களைத் தேடித் தெருத்தெருவாக மாலைவரை அலைந்தோம். முதல் வீட்டில் யாரும் வாயே திறக்கவில்லை. புரட்டாசி அல்லவா, பிரியாணியா, எங்கள் வீட்டிலா என்றார்கள். அண்ணன் நாமத்தைத் தொட்டுக்கொண்டு, “தாயி, நானே சாப்ட்டு மூணு நாள் கெடந்தேன். நீங்களும் கூச்சப்படாம சொல்லுங்க” என்றார். அந்த அம்மாள் உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். உதடெல்லாம் காய்ந்திருந்தது. இப்படி ஒன்பது பேரைக் கண்டுபிடித்தோம். இரண்டு பேரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம். அதில் ஒன்று ஆறு வயதுக் குழந்தை. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் அருள்தாஸ் ஆரம்பித்து, முடிக்கவில்லை.

இருபது வருடத்தில் நான் எண்ணியவர்களை நேரில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 28, சனி

மெஸ்ஸுக்குச் சீல் இல்லை. பெண்கள் நால்வருக்கும் பரிசோதனையில் ஒன்றுமில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவருக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை என்று துணை இயக்குநரே எழுதிக் கொடுத்திருக்கிறார். வார்டுச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. அதை இவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, மாட்டுவதற்கு ஆணி தேடினார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நேற்றும் பேசவில்லை. நடந்ததை நான் சொல்வதற்கு முன்பே ஊர் சொல்லிவிட்டது.

செப்டம்பர் 30, திங்கள்

இன்றும் பேச்சில்லை. காபி மட்டும் நேரத்துக்கு வருகிறது.

அக்டோபர் 1, செவ்வாய்

மாலையில் கடை எடுத்து வைத்த பிறகு எதிரில் வந்து உட்கார்ந்தார். புரட்டாசி விரதத்தை முறித்ததற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். பொய்யைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

“நான் அத்தன பேருக்கு எல போட்டு வச்சிருந்தேன்” என்றார். “உன் எல காலியா கெடந்துச்சு. நான் பரிமாறிக்கிட்டே அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு, “அந்தப் பிரியாணி எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

யோசித்தேன். மட்டமாக இருந்தது என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். நாக்கு நுனி வரை வந்தது.

“நல்லா இருந்துச்சுங்க” என்றேன். “ரொம்ப நல்லா இருந்துச்சு.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். சீரகசம்பாவா பாசுமதியா என்றார். சீரகசம்பா என்றேன். கறியைத் தயிரில் ஊற வைத்திருந்தானா, புதினா தனியாகத் தெரிந்ததா, அடியில் எண்ணெய் நின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு நினைவிருந்ததை எல்லாம் சொன்னேன். ஆமாம், இல்லை என்று நிறுத்தாமல், விவரமாக. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஐப்பசி பொறக்கட்டும்” என்றார் கடைசியில். “அவன் என்ன பிரியாணி போட்டான்னு பாத்துருவோம்.”